பாய்ப்படகின் எஞ்சின் பொந்துக்குள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் லங்காவித் தீவில் கட்டி வைத்திருக்கும் 31 அடிப் பாய்ப்படகு ஒன்றைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொள்கிறேன். துறையில் பக்கத்துப் படகுக்காரர்களும், சொந்தமாகப் படகு வாங்கத் துணிந்த நம்மவர்கள் சிலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். என் படகில் இருப்பது யான்மார் 2ஜிஎம்20எஃப் என்ற இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின். 636 சிசி, அதிகபட்சம் 18 குதிரைசக்தி. உங்கள் எஞ்சின் வேறாக இருந்தால் அளவுகள் மாறும். முட்டி தேய்வதில் மாற்றமிருக்காது.

பாய் இருக்கும்போது எஞ்சின் எதற்கு?

மலாக்கா நீரிணையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தவர் இதைக் கேட்கமாட்டார். அங்கே பாதி நாள் காற்றே இருக்காது. மிதக்கும் மரத்துண்டு, மீன்வலை, வரிசையாகப் போகும் சரக்குக் கப்பல்கள் எல்லாம் மட்டும் இருக்கும். லங்காவியிலிருந்து பினாங்குக்கு ஏறத்தாழ 60 கடல் மைல். மணிக்கு 5 மைல் வேகத்தில் போனால் 12 மணி நேரம் எஞ்சின் ஓடும். எண்ணெய் மாற்றும் கெடு 100 மணி நேரம் என்று வைத்தால், போக வர நாலு பயணத்திலேயே அது வந்துவிடுகிறது.

எஞ்சினை ஏன் இப்படி ஒரு பொந்தில் வைக்கிறார்கள்?

படகு வாங்குபவர் பார்ப்பது கட்டில், சமையல் மேடை, மேசை. எஞ்சினுக்கு மிச்சம் கிடைப்பது உள்ளே இறங்கும் படிக்கட்டின் அடிப்பக்கம். எடை நடுவிலும் தாழ்வாகவும் இருக்க வேண்டும், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் நேராகப் போக வேண்டும் என்ற நியாயமான காரணங்களும் உண்டு. ஆனால் பெட்டி போட்ட தச்சரிடம் யாரும் "இதில் கை போகுமா?" என்று கேட்டிருக்க மாட்டார்கள் என்பது என் சந்தேகம்.

பெரும்பாலான படகில் எஞ்சினை நாலு பக்கமாக அணுகலாம்: படியைக் கழற்றினால் முன்பக்கம், பக்கவாட்டுக் கட்டிலுக்கு உள்ளே ஒரு பலகை, மேலே உட்காரும் இடத்துப் பெட்டிக்குள் இறங்கும் வழி, சில படகில் கழிவறைச் சுவரிலும் ஒரு சின்னக் கதவு. நாலில் ஒன்றாவது திருகு போட்டு மூடி, வர்ணமும் பூசி மறைந்து கிடக்கும். முதலில் அதைத் தேடுங்கள்.

முதல் வேலையாக எதைச் செய்ய வேண்டும்?

ஸ்பேனரைத் தொடாதீர்கள். ஒரு சனிக்கிழமை முழுவதையும் எஞ்சினைச் சுற்றி வருவதற்கே ஒதுக்குங்கள். எண்ணெய் அளவுகோல், எண்ணெய் ஃபில்டர், இரண்டு டீசல் ஃபில்டர், காற்று நீக்கும் திருகு, கடல்நீர் பம்ப், பெல்ட், கூலண்ட் மூடி, துத்தநாகம், கியர் பெட்டியின் அளவுகோல், சீகாக் (கடல்நீர் உள்ளே வரும் வழியை மூடித் திறக்கும் வால்வு). இந்த இடங்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். எந்தக் கையால், எந்தப் பக்கத்திலிருந்து, எப்படிப் படுத்தால் எட்டுகிறது என்று எழுதி வையுங்கள். எட்டாத இடத்துக்குக் கைபேசியை நீட்டி வீடியோ எடுங்கள்.

கை எட்டாதவற்றுக்கு வழி செய்வதில்தான் முதல் வருடக் காசை நான் செலவழித்தேன். என் படகில் கடல்நீர் பம்பைப் பார்க்கப் பக்கவாட்டுக் கட்டிலின் மெத்தையைத் தூக்கி, ஆறு திருகு கழற்றி, பலகையை எடுக்க வேண்டும். அந்த ஆறு திருகுதான் தவணையைத் தள்ளிப்போட வைத்தது. பலகையை அறுத்து, கீலும் தாழ்ப்பாளும் போட்டேன். ஒரு மதிய வேலைதான். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை பம்பை எட்டிப் பார்க்கிறேன். அறுப்பதற்கு முன் அந்தப் பலகை படகின் உடலைத் தாங்கும் உறுப்பா, வெறும் மறைப்பா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடியிழை கொண்டு உடலோடு ஒட்டியிருந்தால் தொடாதீர்கள்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

பெரிய கருவிப்பெட்டி தேவையில்லை. குட்டைக் கருவிகள் தேவை. உங்கள் எஞ்சினில் உண்மையில் எந்த அளவு நட்டுகள் இருக்கின்றன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள், ஐந்தாறு அளவுக்குள் அடங்கிவிடும். அவற்றுக்கு மட்டும் குட்டை ரிங் ஸ்பேனர், ராட்செட் ஸ்பேனர், வளையும் தண்டு உள்ள சாக்கெட் வாங்கித் தனிச் சுருட்டாக வையுங்கள். நெற்றி விளக்கு, பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற கண்ணாடி, நீட்டிச் சுருக்கும் காந்தக் குச்சி.

ஒவ்வொரு ஸ்பேனரிலும் ஒரு கயிற்றுச் சுருக்குக் கட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். எஞ்சினுக்கு அடியில் பழைய துண்டு ஒன்றை விரித்துவிடுங்கள். நழுவும் நட்டு துண்டில் விழும். துண்டு இல்லையென்றால் பில்ஜில், அதாவது படகின் அடிக்குழியில், விழும். துருப்பிடிக்காத எஃகு நட்டு விழுந்தால் காந்தக் குச்சியும் பெரும்பாலும் கைவிரித்துவிடும் என்பதைப் பலர் விழுந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

உள்ளே இறங்கும் முன் எவற்றை அணைக்க வேண்டும்?

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். ஓடும்போது பேட்டரி ஸ்விட்சை அணைத்தால் ஆல்டர்னேட்டரின் டையோடுகள் எரிந்துபோகலாம். எஞ்சின் நின்ற பிறகு சாவியை எடுத்து, பேட்டரி ஸ்விட்சை அணையுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம் கை போகும் வேலையென்றால் நெகட்டிவ் முனையையும் கழற்றிவிடுங்கள். மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் எல்லாம் வெளியே. இடுக்கில் ஸ்பேனரின் மறுமுனை எதைத் தொடுகிறது என்று தெரியாது. அது ஸ்டார்ட்டர் முனையைத் தொட்டால் விரலில் உள்ள மோதிரம் பழுக்கக் காய்ந்துவிடும்.

தானாக இயங்கும் பில்ஜ் பம்பையும் அணைத்துவிடுங்கள். கொட்டிய எண்ணெயை அது கேட்காமலே கடலில் துப்பிவிடும். வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போடவும் வேண்டும். அதற்காக நான் அதன் ஸ்விட்ச்மேல் சிவப்பு நாடா ஒட்டி வைப்பேன்.

உடை விஷயத்தில் ஒன்று. கைலி கட்டிக்கொண்டு ஓடும் எஞ்சின் பக்கத்தில் குனியாதீர்கள். சிரிப்பாகத் தோன்றலாம், பெல்ட்டுக்கு அது தெரியாது.

எண்ணெய் மாற்றுவது எப்படி? அடியில் கை போகவே இல்லையே?

காரில் போல அடியில் திருகைக் கழற்றி வடிக்க இங்கே இடமில்லை. அளவுகோல் போகும் குழாய் வழியாக மேலேயே உறிஞ்சி எடுக்க வேண்டும். கையால் அடிக்கும் வெற்றிட உறிஞ்சி ஒன்று வாங்குங்கள். நான் செய்த செலவுகளில் வருத்தமே இல்லாத செலவு அது.

எஞ்சினைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி எண்ணெயைச் சூடாக்குங்கள். குளிர்ந்த எண்ணெய் மெல்லிய குழாயில் ஏறாது. அழுக்கும் அடியிலேயே தங்கிவிடும். பிறகு அணைத்து, ஐந்து நிமிடம் விட்டு, குழாயைத் தரை தட்டும்வரை இறக்கி உறிஞ்சுங்கள். எவ்வளவு வந்தது என்று அளந்து பாருங்கள். என் எஞ்சினுக்கு 2 லிட்டர். ஒன்றரை லிட்டரில் நின்றுவிட்டால் குழாய் எங்கோ வளைந்து நிற்கிறது என்று பொருள். சற்றே வெளியே இழுத்துத் திருப்பி மறுபடி விடுவேன்.

ஃபில்டர்தான் கந்தலாக்கும். பக்கவாட்டில் படுத்தபடி இருக்கும் ஃபில்டரைத் தளர்த்திய நிமிடமே எண்ணெய் வழியும். அடியில் குழந்தைகளுக்கான பாம்பர்ஸ் ஒன்றை விரித்து, ஃபில்டரைச் சுற்றி உறுதியான பிளாஸ்டிக் பையை உறை போல மாட்டி, பைக்குள்ளேயே அதைத் திருகி எடுங்கள். ஃபில்டரும் எண்ணெயும் பையோடு வெளியே வரும். பழைய ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால் இதை விட்டுவிடுவார்கள். இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால் ஸ்டார்ட் செய்ததும் எண்ணெய் பீய்ச்சும். புதிய வளையத்தில் எண்ணெய் தடவி, தொட்ட பிறகு முக்கால் சுற்று, கையால் மட்டும் இறுக்குங்கள். ஃபில்டரின் முதுகில் தேதியையும் எஞ்சின் மணிக் கணக்கையும் மார்க்கரால் எழுதிவிடுங்கள்.

ஊற்றும்போது முழு அளவையும் ஒரேயடியாக ஊற்றாதீர்கள். 1.7 லிட்டர் ஊற்றி, அளந்து, மீதியைச் சிறிது சிறிதாக.

அளவுகோலில் எண்ணெய் பால்காபி நிறத்தில் இருக்கிறது. என்ன செய்வது?

உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஸ்டார்ட் செய்யாதீர்கள். எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்த பிறகுதான் மற்றதெல்லாம்.

எண்ணெய் நிறம் மாறாமல் அளவு மட்டும் ஏறியிருந்து, டீசல் வாடையும் அடித்தால் அது வேறு வியாதி. எஞ்சினோடு சேர்ந்த டீசல் பம்பின் உள்சவ்வு கிழிந்து, டீசல் எண்ணெயில் கலக்கிறது. பம்பை மாற்றி, எண்ணெயையும் மாற்ற வேண்டும். அளவு குறைந்தால் கவலைப்படுகிற நாம் ஏறினால் சந்தோஷப்படுகிறோம். ஏறுவதுதான் கெட்ட செய்தி.

இம்பெல்லர் என்றால் என்ன? எல்லோரும் ஏன் அதைப் பற்றியே பேசுகிறார்கள்?

கடல்நீரை இழுத்து எஞ்சினைக் குளிர்விக்கும் பம்புக்குள் சுழலும் ரப்பர்ப் பூ அது. ஆறோ அதற்கு மேலோ இதழ்கள். தண்ணீரே அதற்கு மசகு. தண்ணீர் இல்லாமல் ஓடினால் ஓரிரு நிமிடத்திலேயே இதழ்கள் கருகி உதிரலாம். சீகாக்கைத் திறக்க மறந்தாலும், உறிஞ்சும் வாயில் பிளாஸ்டிக் பை ஒட்டிக்கொண்டாலும் கதை அதேதான். இந்தக் கடலில் பிளாஸ்டிக் பைக்குப் பஞ்சமில்லை.

அதனால் ஸ்டார்ட் ஆனதும் முதல் வேலை, பின்பக்கம் எட்டிப் பார்ப்பது. புகைக்குழாயிலிருந்து தண்ணீர் விட்டுவிட்டுத் துப்ப வேண்டும். பழகிய பிறகு பார்க்கக்கூட வேண்டாம், ஈரமான சத்தம் வறண்டு கணகணவென்று மாறினால் தூக்கத்திலும் தெரியும்.

மாற்றும் முறை எளிது, இடம்தான் எளிதல்ல. என் எஞ்சினில் பம்பின் மூடி பின்பக்கம் பார்த்தபடி இருக்கிறது. திருகுகளைக் கண்ணால் பார்க்க முடியாது. தலைகீழாகத் தொங்கி, விரலால் தடவி, கழற்றிய சின்னத் திருகு ஒன்று கீழே விழுந்து, மதியம் முழுக்கத் தேடியிருக்கிறேன். இப்போது அந்த வித்தையெல்லாம் கிடையாது. பெல்ட்டைத் தளர்த்தி, இரண்டு ஹோஸையும் கழற்றி, பம்பைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை எடுத்து, பம்பையே மேசைக்குக் கொண்டுவந்துவிடுகிறேன். வேலை கூடுதல் போலத் தெரியும். நேரத்தைக் கணக்குப் பார்த்தால் குறைவு. வெளிச்சத்தில் மூடியின் தேய்மானத்தையும் பார்க்க முடிகிறது. கையாலேயே திருகும் குமிழ்கள் கொண்ட மூடிகளும் கிடைக்கின்றன; பம்பைக் கழற்ற வழியில்லாதவர்களுக்கு அது நல்ல யோசனை.

ஆரம்பிக்கும் முன் சீகாக்கை மூடுங்கள். எஞ்சின் சாவியை எடுத்து சீகாக்கின் கைப்பிடியில் மாட்டிவிடுங்கள். சாவிக்காக அங்கே போயே ஆகவேண்டும், திறக்க மறக்க முடியாது.

இம்பெல்லரை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தால் பம்பின் உட்சுவரில் கீறல் விழும். இரண்டு குறடால் நடுப்பகுதியைப் பிடித்து நேராக இழுங்கள். புதியதைப் போடும்போது கிளிசரினோ பாத்திரம் கழுவும் சோப்போ தடவலாம். கிரீஸ் வேண்டாம், சாதாரண கிரீஸில் உள்ள பெட்ரோலியம் ரப்பரை ஊற வைத்துக் கெடுக்கும். இதழ்கள் சுழற்சிக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்க வேண்டும்.

இம்பெல்லரில் இரண்டு இதழ் குறைகிறது. புதியது போட்டால் சரிதானே?

இல்லை. அந்த இரண்டு இதழ் எங்கேயோ போயிருக்கிறது. பம்பிலிருந்து வெளியேறும் ஹோஸ், அடுத்து வெப்பமாற்றியின் (கடல்நீரால் கூலண்டைக் குளிர்விக்கும் பகுதி) முகப்பு. பெரும்பாலும் அங்கேதான் மெல்லிய குழாய்களின் வாயில் உட்கார்ந்திருக்கும். துண்டுகளை மேசையில் வைத்துப் பழைய இம்பெல்லரோடு பொருத்திப் பார்த்து, கணக்குச் சரியானால்தான் மூடுங்கள். விட்டுவைத்தால் இன்னும் சில மாதங்களில், நடுக்கடலில், காரணம் தெரியாமல் சூடேறும்.

டீசல் ஃபில்டர் இரண்டு எதற்கு?

முதலாவது டாங்கிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருப்பது. தண்ணீரையும் கசடையும் பிரிக்கும், அடியில் கண்ணாடிக் கிண்ணம் இருக்கும். இரண்டாவது எஞ்சின் மேலேயே இருக்கும் நுண்ணிய வடிகட்டி. ரேக்கோர் வகையாக இருந்தால் நிறத்தைப் பார்த்து வாங்குங்கள்: சிவப்பு 30 மைக்ரான், நீலம் 10, பழுப்பு 2. முதல் ஃபில்டரில் நான் நீலம் போடுகிறேன். அங்கேயே பழுப்பைப் போட்டால் சுத்தம் அதிகம்தான், ஆனால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

நம் பக்கத்து வெப்பத்தில் பாதி காலியான டாங்கியின் சுவரில் இரவில் நீர் கோக்கும். அந்த நீர் அடியில் தங்கி, நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து, கறுப்புச் சளி போல ஒரு கசடு உண்டாகும். கடல் அமைதியாக இருக்கும்வரை அது அடியிலேயே கிடக்கும். அலை எழும்பும்போது கலங்கி, எஞ்சின் கட்டாயம் வேண்டிய நேரத்தில் ஃபில்டரை அடைக்கும். படகைக் கட்டிப் போடும்போது டாங்கியை நிரப்பி வையுங்கள். மாதம் ஒருமுறை கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து சிறிது வடித்துப் பாருங்கள்.

ஃபில்டர் மாற்றிய பிறகு எஞ்சின் பிடிக்கவில்லை.

குழாய்க்குள் காற்று. இரண்டாவது ஃபில்டரின் தலையில் உள்ள திருகை ஒன்றிரண்டு சுற்றுத் தளர்த்தி, டீசல் பம்பின் சின்ன நெம்புகோலை விரலால் அடித்துக்கொண்டே இருங்கள். முதலில் நுரை வரும், பிறகு குமிழில்லாத டீசல். இறுக்கிவிட்டு, அதையே இன்ஜெக்ஷன் பம்பின் திருகிலும் செய்யுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை) நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும்.

நெம்புகோல் தொளதொளவென்று எதையும் அடிக்காமல் ஆடினால் பம்ப் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளே கேம் (எஞ்சின் சுற்றும்போது பம்பை இயக்கும் முட்டு) அதைத் தூக்கிப் பிடித்திருக்கும். எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் இறங்கிவிடும். இது தெரியாமல் நல்ல பம்பைக் கழற்றி எறிந்தவர் ஒருவர் உண்டு. கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.

ஸ்டார்ட்டரை எத்தனை தடவை வேண்டுமானாலும் அடிக்கலாமா?

கூடாது. இதுதான் எஞ்சினையே கொல்லும் தவறு. ஸ்டார்ட்டர் சுற்றும்போதெல்லாம் கடல்நீர் பம்பும் சுற்றித் தண்ணீரை இழுக்கிறது. எஞ்சின் பிடித்தால் புகையின் அழுத்தம் அந்தத் தண்ணீரை வெளியே தள்ளும். பிடிக்காவிட்டால் தண்ணீர் சைலன்சரில் நிரம்பி, பின்னோக்கி ஏறி, சிலிண்டருக்குள்ளேயே போய்விடும். இரண்டு மூன்று முறை அடித்தும் பிடிக்காவிட்டால் சீகாக்கை மூடிவிட்டு முயலுங்கள். பிடித்த நொடியே திறந்துவிட ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் வேண்டாம், ஸ்டார்ட்டரும் சூடேறும்.

பெல்ட்?

நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 மி.மீ. போல இறங்க வேண்டும். சுற்றிலும் கறுப்புப் பொடி படிந்திருந்தால் தளர்ந்திருக்கிறது, அல்லது கப்பிகள் நேர்கோட்டில் இல்லை. மாற்றுப் பெல்ட் ஒன்றைப் படகிலேயே வையுங்கள்.

துத்தநாகம் எங்கே இருக்கிறது? எனக்குத் தெரிந்து யாரும் மாற்றியதே இல்லை.

அதனால்தான் கேட்கிறீர்கள். உப்புநீர் பட்டால் வெவ்வேறு உலோகங்களில் ஒன்று மற்றொன்றைத் தின்னும். தின்னக் கொடுப்பதற்காகவே துத்தநாகத் துண்டை வைக்கிறார்கள். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் ஒன்று இருப்பது எல்லோருக்கும் தெரியும், முக்குளித்தால் தெரிகிறது. பல எஞ்சின்களில் வெப்பமாற்றியிலும் பென்சில் போல ஒன்று இருக்கும். வெளியே வெறும் போல்ட் தலை மட்டும் தெரிவதால் யாரும் கவனிப்பதில்லை. பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். முழுக்கக் கரையும்வரை விட்டால் அடுத்து கரைவது வெப்பமாற்றி. திருகில் டெஃப்லான் நாடா சுற்றாதீர்கள், உலோகத்தொடர்பு கெட்டால் அது வெறும் அலங்காரம்.

ஷாஃப்ட் வெளியேறும் இடத்தில் தண்ணீர் சொட்டுகிறது. படகு மூழ்குமா?

ஷாஃப்ட்டைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் அடைப்பு, நார்ப் பேக்கிங் வைத்த பழைய வகை ஸ்டஃபிங் பாக்ஸ் என்றால், ஷாஃப்ட் சுற்றும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விழத்தான் வேண்டும். அந்த நீர்தான் அதைக் குளிர்விக்கிறது. பயந்து இறுக்கினால் சூடேறி ஷாஃப்ட்டிலேயே பள்ளம் விழும். ஓட்டியதும் கை வைத்துப் பாருங்கள், இளஞ்சூடு போதும். ரப்பர்த் துருத்தி வைத்த சொட்டாத வகை என்றால் ஒரு சொட்டுக்கும் காரணம் தேட வேண்டும்.

நான் கொஞ்சம் பருமன். முதுகுவலியும் உண்டு. இந்த வேலை என்னால் ஆகுமா?

ஆகும், ஒரே மூச்சில் ஆகாது. ஓடி நின்ற எஞ்சின் பக்கத்தில், காற்றில்லாத பொந்தில், அரைமணி நேரத்தில் சட்டை பிழியும் அளவு வியர்க்கும். காலை ஏழு மணிக்கு ஆரம்பியுங்கள். சின்ன மின்விசிறி ஒன்றை உள்நோக்கி வையுங்கள். நெஞ்சுக்கும் இடுப்புக்கும் ஒரு பலகை, அதன்மேல் பழைய யோகாப் பாய். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வந்து தண்ணீர் குடியுங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு வேலை என்று வைத்துக்கொண்டேன். எண்ணெயும் இம்பெல்லரும் டீசல் ஃபில்டரும் ஒரே நாளில் என்று போனால் மூன்றாவது வேலையில் ஏதாவது ஒரு கிளிப்பை இறுக்க மறந்திருப்பேன்.

எதை மெக்கானிக்கிடம் விட வேண்டும்?

இன்ஜெக்டர் சோதனை, ஷாஃப்ட்டோடு எஞ்சினை நேர்படுத்துவது, எஞ்சினின் தலையை (சிலிண்டர் ஹெட்) கழற்ற வேண்டிய எதுவும். வால்வு இடைவெளி நீங்களே பார்க்கலாம். என் எஞ்சினுக்குக் குளிர்ந்த நிலையில் 0.2 மி.மீ. தண்ணீரும் புகையும் கலக்கும் முழங்கைக் குழாயில் கரியும் உப்பும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். துப்பும் தண்ணீர் வருடாவருடம் குறைந்து, முழு வேகமும் எட்டவில்லையென்றால் அதைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மெக்கானிக் வரும்போது பலகைகளையெல்லாம் நீங்களே கழற்றி, கட்டிலைக் காலி செய்து வைத்திருங்கள். மணிக்கணக்கில் வெள்ளி (ரிங்கிட்) வாங்குகிறவர் உங்கள் மெத்தையை மடிக்க ஒரு மணி நேரம் எடுத்தால் அதுவும் பில்லில் வரும்.

பழைய எண்ணெயை என்ன செய்வது?

புதிய எண்ணெய் வந்த டப்பாவிலேயே ஊற்றி, மூடி, துறையில் கழிவெண்ணெய்க்கு வைத்திருக்கும் பீப்பாயில் சேர்த்துவிடுங்கள். பாம்பர்ஸும் பழைய ஃபில்டரும் தனிப் பையில், அதே இடத்துக்கு. துறையில் பீப்பாய் இல்லையென்றால் கரையில் உள்ள கார்ப் பட்டறையில் கேட்டுப் பாருங்கள். எனக்கு இதுவரை யாரும் இல்லையென்று சொன்னதில்லை.